பேட்ஜர் பிரஷ் எத்தனை வருஷம் வரும்? பதில் அடிமுடியில இருக்கு

கேள்வி இதுதான்: ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆறாயிரம் ரூபா குடுத்து ஒரு 24 மில்லிமீட்டர் பேட்ஜர் முடி ஷேவிங் பிரஷ் வாங்கியிருக்கீங்க, இப்ப ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு முடி மூஞ்சில ஒட்டுது, பிரஷ்ஷே பிசுபிசுன்னு ஆயிடுச்சு, ஒரு மாதிரி வாடையும் வருது. சென்னைல இருக்கீங்க, வீட்டுல போர் தண்ணி. இது போலி சரக்கா, நல்ல பிரஷ்னா எத்தனை வருஷம் வரணும், தொங்கப் போடணுமா நிக்க வைக்கணுமா?

ஒழுங்கா பாத்துக்கிட்டா ஒரு பேட்ஜர் பிரஷ் பத்துல இருந்து பதினஞ்சு வருஷம் தாராளமா வரும், அதுக்கு மேலயும் ஓடுற பிரஷ் நிறைய இருக்கு. என்கிட்ட இருக்கிறது சித்தப்பா இங்கிலாந்துல இருந்து வாங்கிட்டு வந்து குடுத்தது, 17 வருஷம் ஆச்சு, வாரத்துக்கு நாலு நாள் ஓடுது, இன்னும் கன்னத்துல வச்சா பஞ்சு மாதிரிதான் இருக்கு. அதுக்கு முன்னாடி வச்சிருந்தது ரெண்டே வருஷத்துல செத்துப்போச்சு. ரெண்டுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லைங்க, நான் வச்சிருந்த விதத்துலதான் வித்தியாசம், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், உங்க பிரஷ்ஷ இப்பவே காப்பாத்திடலாம்னு எனக்குத் தோணுது.

இந்த பிரஷ் எப்படி செய்றாங்கன்னு தெரிஞ்சா பாதி விஷயம் தானா புரிஞ்சிரும். பேட்ஜர்ங்கறது வளை தோண்டி வாழற ஒரு காட்டு விலங்கு, தமிழ்ல வளைக்கரடின்னு எழுதுவாங்க, இந்த பிரஷ்ஷுக்கான முடி பெரும்பாலும் சீனாவுல இருந்துதான் வருது, பிரஷ் மேல ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ்னு என்ன போட்டிருந்தாலும் முடி அங்கதான். முடிய நீளம் பாத்துப் பிரிச்சு, நுனி கீழ இருக்கற மாதிரி ஒரு குழிவான கிண்ண அச்சுல போட்டுத் தட்டுவாங்க, அப்பதான் நுனியெல்லாம் சேந்து உருண்டையா ஒரு வடிவம் வரும், கத்தரிக்கோல் வச்சு மேல வெட்டக்கூடாது, வெட்டினா நுனி மொட்டையாகி மூஞ்சில குத்தும். அப்புறம் அடிப்பக்கத்த நூலால இறுக்கிக் கட்டி பசையில உறைய வச்சு, அந்தக் கட்டைக் கைப்பிடியில இருக்கற குழியில ஒட்டிடுவாங்க. அந்தக் கட்டுக்குத்தான் நாட்னு பேரு, நீங்க சொன்ன 24 மில்லிமீட்டர் அந்த நாட்டோட அடி அகலம்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா பேட்ஜர் முடி நம்ம தலைமுடி மாதிரி ஒரே பருமனா இருக்காது, மேல நுனிக்குக் கொஞ்சம் கீழ தடிச்சிருக்கும், அடியில மெலிஞ்சிருக்கும். அதனாலதான் பிரஷ் மேல பூ மாதிரி விரிஞ்சு நிக்குது, நடுவுல தண்ணியப் பிடிச்சு வச்சுக்குது, நுரை அவ்ளோ நல்லா வருது. ஆனா அதே காரணத்தாலதான் அதோட பலவீனமான இடம் அடியில இருக்கு. பசை முடியற விளிம்புல முடி திரும்பத் திரும்ப மடங்கும், சார்ஜர் வயர் எப்பவும் கழுத்துல தானே அறுந்து போகும், நடுவுல அறாது, அதே கதை. சோப்பு போய்த் தேங்கற இடமும் அதுதான், கடைசியா காயற இடமும் அதுதான், பூசணம் பிடிக்கற இடமும் அதுதான். நுனி பாக்க அழகா இருக்குன்னு நாம நுனியவே பாத்துட்டு இருப்போம், அடியில சத்தமில்லாம கெட்டுட்டு இருக்கும்.

இப்ப உங்க முடி கொட்டற விஷயத்துக்கு வரேன். கொட்டின முடி ஒண்ண எடுத்து வெள்ளைப் பேப்பர் மேல வச்சு, பிரஷ்ல இருக்கற முடியோட நீளத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. வெளிய தெரியற நீளத்த விட கொஞ்சம் அதிகமா, அடிவரைக்கும் முழுசா இருந்தா அது பசையில இருந்து கழண்டு வந்த முடி. கம்மியா இருந்தா, அதுவும் ஒரு முனை மொட்டையா இருந்தா, அது உடைஞ்ச முடி. ரெண்டும் வேற வேற வியாதி, வைத்தியமும் வேற.

கழண்டு வர்றதுன்னா, புதுசா வாங்கின மொத ரெண்டு மூணு வாரம் எந்த பிரஷ்லயும் இருக்கும், பசை பிடிக்காம சும்மா செருகிக்கிட்டு இருந்த முடியெல்லாம் வெளிய வரும், அதுக்கு பயப்பட வேண்டாம். ஆறு மாசம் கழிச்சும் முழு முடியா தினம் நாலஞ்சு வருதுன்னா, இல்ல ஒரு கொத்தாவே கையோட வந்துருச்சுன்னா, அது பசை சரியா ஏறாத நாட், வித்தவங்ககிட்ட திருப்பிக் கேளுங்க, கூச்சமே வேண்டாம், அது தயாரிப்புக் குறைதான். சிலர் நடுவுல சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டா நின்னுரும்னு சொல்லுவாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அந்தப் பசை தண்ணி மாதிரி இருக்கறதால முடி இடுக்கு வழியா மேல ஏறி பாதி பிரஷ்ஷயே குச்சியாக்கிடும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. மொத்த நாட்டும் கைப்பிடியில இருந்து அப்படியே பிடுங்கிட்டு வந்துட்டா அதுதான் இருக்கறதுலயே சுலபமான ரிப்பேர், குழிய சுரண்டி சுத்தம் பண்ணி, ரெண்டு ட்யூப் கலந்து போடற அரால்டைட் கொஞ்சமா வச்சு உள்ள அமுக்கி, முழுசா ஒரு நாள் தொடாம விட்டா போதும், பழைய உயரத்துலயே உக்காருதான்னு மட்டும் ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ வச்சுப் பாத்துக்கங்க.

உடைஞ்ச முடின்னா தப்பு பெரும்பாலும் நம்ம கையிலதான் இருக்கும். பிரஷ்ஷ நேரா நட்டமா பிடிச்சு, தரை தேய்க்கற மாதிரி அழுத்தி வட்டம் வட்டமா சுத்தறது, அதான் பிரஷ்ஷக் கொல்றது. நடுவுல இருக்கற முடிதான் அந்த அழுத்தம் முழுக்க வாங்குது, அடியில மடங்கி மடங்கி உடையும், கொஞ்ச நாள்ல நடுவுல ஒரு பள்ளம் விழும், மேல இருந்து பாத்தா உளுந்து வடை மாதிரி இருக்கும். அந்தப் பள்ளம் விழுந்துட்டா திரும்பி வராது. ஆரம்பத்துல நான் ரெண்டு கன்னத்துலயும் அப்படித்தான் அழுத்தித் தேச்சேன், தாடி நல்லா நிமிரும்னு ஒரு நம்பிக்கை. உண்மையில தாடிய மிருதுவாக்கறது அழுத்தம் இல்ல, தண்ணியும் நேரமும்தான். சோப்புக் கட்டியில நுரை எடுக்கும்போது நுனி லேசா மடங்கற அளவு அழுத்தம் போதும், இருபது முப்பது செகண்ட் சுத்தினா தேவையான சோப்பு ஏறிடும். மூஞ்சில வட்டமா போடறது தப்பில்ல, லேசா போடுங்க, கடைசியில சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து முடிங்க. ட்யூப் க்ரீம் போடறவங்களுக்கு இந்தப் பிரச்சன கம்மி, கிண்ணத்துல கொஞ்சம் பிதுக்கி லேசா கலக்கினாலே நுரை பொங்கிடும்.

கழுவும்போது பண்ற தப்பும் இதே கணக்குலதான் வரும். தண்ணிய எடுக்கறேன்னு முடிய இறுக்கிப் பிடிச்சு நுனிய நோக்கி உருவி இழுக்கறவங்க இருக்காங்க, மாட்டுல பால் கறக்கற மாதிரி, அது ஒவ்வொரு நாளும் நாட்ட கொஞ்சம் கொஞ்சமா பிடுங்கறதுக்கு சமம். பிழியலாம், இழுக்கக்கூடாது. வாஷ்பேசின் விளிம்புல கைப்பிடியத் தட்டித் தண்ணி உதர்றதும் வேண்டாம், ரெசின் கைப்பிடி கீறல் விடும், கொம்பு கைப்பிடின்னா ஒரே தட்டுல விரிசல்தான்.

இப்ப அந்தப் பிசுபிசுப்பு. இது முழுக்க தண்ணி சமாச்சாரம். நான் வளந்தது கோயம்புத்தூர், சிறுவாணி தண்ணி, அங்க இருந்த வரைக்கும் பிரஷ்ஷுக்கு சும்மா கழுவி வைக்கறதத் தவிர ஒண்ணுமே பண்ணதில்ல. வேலைக்காக சென்னை வந்து, போர் தண்ணி வீட்டுல குடி வந்த நாலாவது மாசம் அதே பிரஷ் மெழுகு தடவின மாதிரி ஆயிடுச்சு, முடி முடியா பிரியாம கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, நுரையும் பாதியா குறைஞ்சுருச்சு. பிரஷ் போச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, உப்புத் தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து தண்ணில கரையாத ஒரு வெள்ளைப் படிவமா மாறிடுது, பக்கெட்டுக்குள்ள சுத்தி ஒரு கோடு படியும் பாருங்க, அதேதான், அது அடிமுடியில போய் உக்காந்துக்குது. எவ்ளோ வெறும் தண்ணி ஊத்திக் கழுவினாலும் போகாது, ஏன்னா கழுவற தண்ணியிலயும் அதே கால்சியம்தான் இருக்கு.

இதுக்கு மருந்து சமையலுக்கு வாங்கற வெள்ளை வினிகர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் வினிகர் போதும், முடி மட்டும் முங்கற அளவுக்கு வச்சு அஞ்சு நிமிஷம், ரொம்ப மோசமா இருந்தா பத்து நிமிஷம், நடுநடுவுல விரல விட்டு அடிப்பக்கத்த லேசா அலசி விடுங்க, தண்ணி கலங்கி வெள்ளையாகறது கண்ணுக்கே தெரியும். கைப்பிடி முங்கக்கூடாது. நிறைய பேர் இத்தோட நிறுத்திட்டு சரியாகலன்னு சொல்லுவாங்க, அதுக்குக் காரணம் இருக்கு. வினிகர் என்ன பண்ணுதுன்னா கால்சியத்த பிரிச்சு விடுது, ஆனா மிச்சம் நிக்கறது கொழுப்பு அமிலம், மெழுகு மாதிரி, அது தண்ணில கரையாது. அதனால வினிகருக்கு அப்புறம் கண்டிப்பா ஷாம்பூ போடணும், சாதாரண ஷாம்பூ, கண்டிஷனர் கலந்தது வேண்டாம், உள்ளங்கையில வச்சு நுரையா தேச்சு நல்லா அலசிடுங்க. கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணி, இல்ல ஆர்ஓ தண்ணி ஒரு டம்ளர்ல பண்ணிப் பாருங்க, காஞ்சதும் முடி அப்படியே புதுசு மாதிரி பொங்கி நிக்கும். சென்னை போர் தண்ணிக்கு நான் மாசத்துக்கு ஒரு தடவ இதப் பண்றேன், நல்ல தண்ணி ஊர்ல இருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூட அதிகம். சோப்பு வாங்கும்போது பின்னாடி அட்டையில ஈடிடிஏன்னு ஒரு பேர் இருக்கான்னு பாருங்க, அது கால்சியத்தப் பிடிச்சு வச்சுக்கற சரக்கு, அது இருக்கற சோப்புல படிவம் குறையும்.

வாடைக்கு வருவோம். புது பிரஷ்ல நனைஞ்ச நாய் மாதிரி ஒரு வாடை இருக்கும், மிருக முடிதானே, ரெண்டு மூணு தடவ ஷாம்பூ போட்டு, ஒரு தடவ நல்லா நுரை கட்டி அப்படியே ராத்திரி விட்டு காலைல கழுவினா போயிரும். ஆனா ஆறு மாசம் கழிச்சு புதுசா ஒரு வாடை வருதுன்னா, அதுவும் மூடி வச்ச பழைய துணி மாதிரி வருதுன்னா, அது மிருக வாடை இல்ல, பூசணம். பிரஷ் அடி வரைக்கும் காயலன்னு அர்த்தம். என் மொத பிரஷ் செத்தது இப்படித்தான், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது காலைல ஷேவ் பண்ணிட்டு ஈரத்தோட தோல் உறையில போட்டு பையில வச்சுட்டேன், ஊர்ல தாடியோடவே இருந்துட்டேன், பத்து நாள் கழிச்சு எடுத்தா அடியில கருப்பு கருப்பா புள்ளி, முடி கையோட வருது. வெளியூர் போறப்ப வேற வழியே இல்லன்னா துண்டுல நல்லா ஒத்தி எடுத்து, ஓட்டை போட்ட ட்யூப்ல வச்சு எடுத்துட்டுப் போங்க, போய்ச் சேந்ததும் மொத வேலையா வெளிய எடுத்து நிக்க வைங்க.

தொங்கப் போடறதா நிக்க வைக்கறதாங்கற சண்ட இந்த விஷயத்துல இருக்கற பெரிய சண்ட, ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணுவாங்க. என் அனுபவத்துல பெரிசா வித்தியாசமே இல்லைங்க. நல்லா உதறினதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கற ஈரம் முடிக்கு முடி இடுக்குல ஒட்டிக்கிட்டு இருக்கறது, விளக்குத் திரியில எண்ணெய் ஏறி நிக்கற மாதிரி, தலைகீழா தொங்க விட்டா மட்டும் அது சொட்டிடாது, காத்து பட்டுத்தான் காயணும். என்னோடது 17 வருஷமும் நிக்க வச்சேதான் இருக்கு. தொங்கப் போடறதுன்னா ஸ்டாண்டோட இடைவெளி சரியா இருக்கணும், முடியக் கவ்விப் பிடிக்கற ஸ்டாண்ட் வேண்டாம், கைப்பிடியோட கழுத்தப் பிடிக்கணும். உண்மையில வித்தியாசம் பண்றது உதர்றதுதான்: வெதுவெதுப்பான தண்ணில நுரை போற வரைக்கும் அலசி, கடைசியில பச்சத் தண்ணி, மெதுவா பிழிஞ்சு, நாலஞ்சு தடவ வேகமா காத்துல உதறி, காஞ்ச துண்டு மேல அப்படியும் இப்படியும் லேசா ஒத்தி எடுத்து, ஜன்னல் ஓரமா வைங்க. கதவு மூடின பாத்ரூம் அலமாரிக்குள்ள வைக்காதீங்க, குளிச்ச ஆவி முழுக்க அதுக்குள்ளதான் நிக்கும். அதுக்காக வெயில்ல வைக்கறதோ ஹேர் ட்ரையர் போடறதோ வேண்டாம், முடி வறண்டு உடையும்.

ஐப்பசி கார்த்திகை மாசத்துல, மழ விடாம பெய்யற சமயத்துல, 24 மில்லிமீட்டர் அடர்த்தியான நாட் ஒரு நாள்ல காயாது. அதனால ரெண்டு பிரஷ் வச்சு மாத்தி மாத்தி போடறது ஆடம்பரம் இல்ல, ரெண்டுக்கும் ஆயுசு கூடும், ரெண்டாவது விலை கம்மியான செயற்கை இழை பிரஷ்ஷா இருந்தாலும் போதும். ஏற்கனவே லேசா வாடை வர ஆரம்பிச்சிருந்தா மேல சொன்ன வினிகர் ஷாம்பூ வேலையப் பண்ணி, மூணு நாள் தொடாம ஃபேன் காத்துல காய விடுங்க, பெரும்பாலும் போயிரும். கருப்புப் புள்ளி விழுந்திருந்தா அதத் தூக்கிப் போடறதுதான் நல்லது, வெட்டுக்காயம் படற மூஞ்சில அத வைக்க வேண்டாம்.

சூடு பத்தியும் சொல்லிடறேன். கொதிக்கற தண்ணி முடியோட புரதத்தயும் கெடுக்கும், அடியில இருக்கற பசையயும் இளக்கும். குளிக்கற சூடு, கை தாங்கற சூடு, அவ்ளோதான். அரை மணி நேரம் ஊற வைக்கற பழக்கம் பன்றி முடி பிரஷ்ல இருந்து வந்தது, அந்த முடி தடிச்சது, ஊறினாத்தான் மிருதுவாகும், தவிர பழகப் பழக நுனி ரெண்டா பிரிஞ்சு இன்னும் மிருதுவாகும், பேட்ஜருக்கு அது தேவையே இல்ல, நீங்க குளிக்கற நேரம் நனைஞ்சா போதும், சும்மா ஊறினா தண்ணி நாட்டுக்குள்ள இறங்கறதுதான் மிச்சம். ரொம்ப நாள் எடுத்து வைக்கறதா இருந்தா சோப்பு மிச்சமில்லாம கழுவி, முழுசா காய வச்சு அப்புறம் பெட்டியில போடுங்க, கம்பளிய அரிக்கற அதே பூச்சிதான் இந்த முடியயும் அரிக்கும், மாசத்துக்கு ஒரு தடவ திறந்து பாத்துடுங்க.

போலியான்னு கேட்டதுக்கு: ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப்னு ஏறுவரிசையில தரத்துக்குப் பேர் போடறதுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு வைக்கறதுதான், ஒருத்தரோட சூப்பர் இன்னொருத்தரோட பெஸ்ட்ட விட மட்டமா இருக்கலாம். நீங்க பாக்க வேண்டியது நுனி வெள்ளை. சில மலிவு பிரஷ்ல சாதா முடியோட நுனிய ப்ளீச் பண்ணி சில்வர்டிப் மாதிரி காட்டுவாங்க, ப்ளீச் பட்ட முடி பலமில்லாம சீக்கிரம் உடையும். இயற்கையான நுனி பால் வெள்ளையா லேசா பழுப்பு கலந்து இருக்கும், அடுத்த கருப்புப் பட்டையோட மெதுவா கலக்கும்; காகித வெள்ளையா, கோடு போட்ட மாதிரி பிரிஞ்சிருந்தா சந்தேகப்படுங்க.

மிருக முடியாச்சே, நோய் வராதான்னு வீட்டுல கேப்பாங்க, அதுக்குப் பின்னாடி ஒரு நிஜக் கதை இருக்கு. முதல் உலகப் போர் சமயத்துல பேட்ஜர் முடி வரத்து நின்னு போனதும், குதிரை முடிக்கு சாயம் போட்டு பேட்ஜர் மாதிரியே பிரஷ் செஞ்சு வித்தாங்க, அந்த முடிய சரியா கிருமி நீக்கம் பண்ணாததால அமெரிக்கா, இங்கிலாந்து ரெண்டு இடத்துலயும் சிப்பாய்ங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஆந்த்ராக்ஸ் வந்துச்சு, நம்ம ஊர்ல மாட்டுக்கு வர்ற அடைப்பான் நோய்னு சொல்றமே, அது. அப்புறம்தான் முடிய சுத்தம் பண்ணித்தான் விக்கணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. இப்ப பேர் தெரிஞ்ச கடையில வாங்கற பிரஷ்ஷுக்கு அந்த பயம் வேண்டாம், ஆனா எங்கயோ பழைய சாமான் கடையில கிடைக்கற நூறு வருஷத்து பிரஷ்ஷ ஆசைப்பட்டு மூஞ்சில வச்சுடாதீங்க, கைப்பிடிய மட்டும் வச்சுக்கிட்டு புது நாட் போடுங்க.

இன்னொண்ணயும் சொல்லணும், இதச் சொல்லாம விட எனக்கு மனசு வரல. பேட்ஜர் இங்கிலாந்துல 1992 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, ஆனா பிரஷ்ஷுக்கு முடி வர்ற சீனாவுல அதப் பண்ணையில கூண்டுல அடைச்சு வளக்கறாங்க. 2018-ல பீட்டாங்கற விலங்கு உரிமை அமைப்பு அங்க எடுத்த வீடியோவ வெளியிட்டப்ப அதப் பாதிக்கு மேல என்னால பாக்க முடியல. அதுக்கப்புறம் நிறைய கம்பெனி பேட்ஜர நிறுத்திட்டாங்க, 1945-ல இருந்து பிரஷ் செய்யற ஜெர்மனியோட மியூலே கூட இப்ப செயற்கை இழைக்கு மாறிடுச்சு. செயற்கை இழை இப்ப ரொம்ப முன்னேறியிருக்கு, தண்ணிய உறிஞ்சாது, சில மணி நேரத்துல காஞ்சிரும், வாடையும் கிடையாது. அதனால நான் இனிமே புது பேட்ஜர் வாங்க மாட்டேன். ஆனா கையில இருக்கறத பத்திரமா வச்சுக்கறது வேற, ஒரு உயிர்கிட்ட இருந்து எடுத்த முடி, அத ரெண்டு வருஷத்துல பூசணம் பிடிக்க விட்டுக் குப்பையில போடறது எனக்கு ரொம்ப உறுத்தும்.

உங்க பிரஷ்ஷுக்கு இன்னிக்கு ராத்திரியே வினிகரும் ஷாம்பூவும் போடுங்க, மூணு நாள் காய விடுங்க. நாலாவது நாள்ல இருந்து அழுத்தாம ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க, கொட்டற முடிய எண்ணி, நீளத்தயும் பேப்பர்ல வச்சுப் பாருங்க. பில்ல மட்டும் அதுவரைக்கும் தொலைச்சுடாதீங்க, முழு முடியா வந்துக்கிட்டே இருந்தா அது தேவைப்படும்.